வாழ்க்கைமுறை யாருடைய முறை?

போன மாதம் அப்பாவை ஆரணியில் ஒரு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். சர்க்கரை முந்நூறைத் தாண்டியிருந்தது. ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு அவர், "இதெல்லாம் லைஃப்ஸ்டைல் டிசீஸ்ங்க. சோத்தைக் குறைங்க, தினமும் நடங்க" என்றார்.

வெளியே வந்ததும் அப்பா கேட்டார்: "லைஃப்ஸ்டைலுன்னா இன்னாடா?"

"நாம வாழற விதம்பா."

கொஞ்ச தூரம் பேசாமல் வந்தவர், "நானா விதம் பாத்து வாழ்ந்தேன்?" என்றார்.

அப்பா முப்பது வருஷம் குழித்தறியில் பட்டு நெய்தவர். குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்தால் இருட்டும்வரை அதே இடம்தான். எழுந்தால் கூலி நின்றுவிடும். அலுப்புக்குச் சர்க்கரை தூக்கலாக ஒரு டீ, பசிக்கு ரேஷன் அரிசிச் சோறு. அதில் எதை அவர் தேர்ந்தெடுத்தார்?

சமூகம் மாறும்போது நோயும் மாறும் என்று 1971இல் அப்தெல் ஓம்ரான் எழுதினார். பஞ்சமும் கொள்ளைநோயும் பின்வாங்க, நாள்பட்ட நோய்கள் அந்த இடத்துக்கு வருகின்றன. ஐ.சி.எம்.ஆர். ஆய்வொன்று 2023இல் சொன்ன கணக்குப்படி இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய். பத்துக் கோடிப் பேர் ஒரே நேரத்தில் ஒழுக்கம் கெட்டுப்போனார்கள் என்றா சொல்வது?

இத்தாலிய மருத்துவர் ரமாஸினி 1700லேயே தொழில்நோய்களைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். நோயாளியிடம் வழக்கமாகக் கேட்பவற்றோடு 'என்ன வேலை செய்கிறாய்?' என்றும் கேளுங்கள் என்பது மருத்துவர்களுக்கு அவர் சொன்ன யோசனை. அன்று அப்பாவிடம் அந்தக் கேள்வி வரவில்லை. கேட்டிருந்தால் சர்க்கரை இறங்கியிருக்காதுதான். ஆனால் குற்றவாளி போலத் தலைகுனிந்து அவர் வெளியே வந்திருக்க மாட்டார்.

அதற்காகக் கைத்தறிக் காலத்தை நினைத்து உருகவும் எனக்கு மனசில்லை. 1985இல் கைத்தறி ரகங்களைக் காக்கச் சட்டம் வந்தது. ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. துணியைப் பற்றி இவ்வளவு யோசித்த நாம், நெய்தவரின் முதுகைப் பற்றி அதே அளவு யோசித்தோமா? இப்போது தறியை விற்றாச்சு. சித்தப்பா பொண்ணு செய்யாறு சிப்காட்டில் ஷூ கம்பெனிக்குப் போகிறாள், நாளெல்லாம் நின்றபடி வேலை. நான் சென்னையில் கம்ப்யூட்டர் முன்னால் பத்து மணி நேரம். குழி போய் நாற்காலி வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

ஆனால் எனக்கும் அப்பாவுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. நான் எழுந்து நடந்தால் என் சம்பளம் குறையாது. ராத்திரி பதினோரு மணிக்கு பிரியாணி ஆர்டர் பண்ணச் சொல்லி யாரும் என்னைக் கட்டாயப்படுத்துவதில்லை. தேர்வு எந்த அளவுக்கு இருந்ததோ அந்த அளவுக்குத்தான் பழியும் இருக்க முடியும். அந்தக் கணக்கில் என் பங்கு அப்பாவுடையதைவிடப் பெரியது.

பழி நடந்து முடிந்ததைப் பார்ப்பது; பொறுப்பு இனி நடக்கவேண்டியதைப் பார்ப்பது. 'மக்களைத் தேடி மருத்துவம்' என்று 2021இல் தமிழ்நாடு அரசு வீடு தேடி மாத்திரை கொடுக்க ஆரம்பித்ததை அப்படித்தான் புரிந்துகொள்கிறேன். யார் தப்பு என்று கேட்காமல் ஒரு சமூகம் தன் பங்கை ஏற்றுக்கொள்வது அது. நடப்பது அப்பாவின் பங்கு.

இப்போது சாயங்காலமானால் கமண்டல நாகநதிப் பக்கமாக நடக்கிறார். நேற்று போனில், "முப்பது வருஷம் மிதிச்சேன், ஒரு அடி நகரல. இப்ப நடந்தா எங்கியோ போற மாதிரி இருக்குடா" என்றார்.

பேசி முடிக்கும்போதுதான் கவனித்தேன், நானும் நாற்காலியைவிட்டு எழுந்து நின்றிருந்தேன்.