தூர் வார யார் வருவார்?

பொதுவில் வைத்த உழைப்பில் எல்லாருக்கும் உரிமை உண்டு. சரி, கடமை யாருக்கு? ஷிப்டுக்கும் ஓவர்டைமுக்கும் கணக்குப் பார்க்கிற ஓசூர் சிப்காட்டில் இந்தக் கேள்வி வேடிக்கையாகத் தோன்றலாம்.

'தமிழ்' என்ற சொல்லில் எழுத்து மூன்று. கணினியோ இகரக் குறியையும் புள்ளியையும் தனித்தனியே எண்ணி, ஐந்து என்கிறது. இந்தக் கணக்கை நேராக்கும் நிரல்களைத் தன்னார்வலர்கள் சிலர் கூலியின்றி எழுதி, 'ஓப்பன் தமிழ்' என்ற பெயரில் பொதுவில் வைத்திருக்கிறார்கள். யாரும் எடுத்துக்கொள்ளலாம், லாபத்துக்கு விற்பவரும் எடுக்கலாம்.

"பாடுபட்டவன் ஒருவன், பணம் பார்ப்பவன் ஒருவனா?" என்று சிலர் சீறுவார்கள். எனக்கு அந்தக் கோபம் இல்லை. ஏரித் தண்ணீரை ஒருவன் பாய்ச்சினால் மற்றவனுக்குக் குறையும். நிரல் எடுக்க எடுக்கக் குறைவதில்லை. ஆனால் ஏரியைப் போல அதுவும் தூர்ந்து போகும்.

ஏரி வெட்டியவன் பெயர் நிற்கிறது. வருஷந்தோறும் தூர் வாரியவனை யார் நினைக்கிறார்கள்? 2014-ல் 'ஓப்பன் எஸ்.எஸ்.எல்.' நிரலில் பெரும் பிழை வெளிப்பட்டது. உலகத்து இணையதளங்களில் பெரும்பகுதி நம்பியிருந்த அதைப் பராமரித்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்களே!

நம் முன்னோர் இதற்குத்தான் குடிமராமத்து என்று வைத்தார்கள். எடுப்பவன் காசு தரவேண்டாம். வருஷத்தில் ஒருநாள் மண்வெட்டியோடு வரட்டும். ஆள் திரட்டுகிறவர்களும், "புதிதாக என்ன எழுதுவாய்?" என்று கேட்பதற்கு முன், "பிறர் எழுதியதைத் திருத்த வருவாயா?" என்று கேட்கட்டும். அதற்குச் சம்மதிப்பவனே பொதுச் சொத்துக்கு உரியவன்.