குதிரும் சத்திரமும்

நகரத்தை விட்டு விலகி, அரை ஏக்கர், ஒரு கிணறு, ஆறு மாத நெல் என்று ஒதுங்கிக்கொள்ள நினைப்பவர்கள் பெருகியிருக்கிறார்கள். 2015 டிசம்பர் வெள்ளமும், 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வற்றியதும், அடுத்த ஆண்டின் ஊரடங்கும் இந்த நினைப்புக்கு நியாயம் சேர்த்துவிட்டன. இதைக் கோழைத்தனம் என்று தள்ள எனக்கு மனமில்லை. எதுவும் சேர்த்துவைக்காதவன் பஞ்சத்தில் பிறர் சோற்றில் பங்கு கேட்க வருவான். முன்யோசனை அந்த அளவில் அறம்தான். சேர்த்தவன் கணக்கில் யாரெல்லாம் உண்டு என்பதுதான் என் கேள்வி.

இந்தக் கண்ணோடு சுங்குவார்சத்திரத்தை அளந்து பார்க்கிறேன். நகரத்திலிருந்து தூரம் இருக்கிறது, நெடுஞ்சாலை இருக்கிறது, சுற்றிலும் ஏரிகள். ஆனால் கிணற்றுக்காரனின் சாமர்த்தியத்தால் கிணறு ஊறுவதில்லை. ஏரி நிறைந்தால் ஊறுகிறது. ஸ்ரீபெரும்புதூர், பிள்ளைப்பாக்கம் ஏரிகளின் உபரி செம்பரம்பாக்கத்துக்குப் போகிறது. 2015 டிசம்பர் 1 அன்று அங்கிருந்து விநாடிக்கு 29,000 கன அடி திறந்துவிடப்பட்டபோது அடையாற்றங்கரை மூழ்கியது. ஒருவன் தன் மனையை மண் கொட்டி உயர்த்தினால் நீர் மறைந்துபோவதில்லை. அடுத்தவன் வாசலுக்குப் போகிறது. தன்னிறைவு என்ற சொல் இங்கே பௌதிகமாகவே பொய்.

அப்படியானால் பொதுவில் வைப்பதுதான் விடையா? இதே மாவட்டத்து உத்திரமேரூரில், முதலாம் பராந்தகன் காலத்தில், 10ஆம் நூற்றாண்டில், ஏரிக்கென்று ஆறு பேர் கொண்ட வாரியம் இருந்தது. குடவோலையில் தேர்வு, ஓராண்டுப் பதவி. நம் பெருமிதப் பேச்சுகளுக்கெல்லாம் இதுவே ஆதாரம். ஆனால் ஓலையில் பெயர் ஏறுவதற்கு நிலம் வேண்டும், வேதப் பயிற்சி வேண்டும். கரைக்கு மண் சுமந்தவன் பெயர் குடத்துக்குள் போகவில்லை. பொதுவுக்கும் மதில் உண்டு.

இன்றைய மதிலுக்கு வெளியே இருப்பவர்கள், ஆலைகளுக்காக வேற்றூர்களிலிருந்து வந்து விடுதிகளில் படுத்தெழும் இளம் தொழிலாளர்கள். 2021 டிசம்பரில், ஃபாக்ஸ்கான் தொழிலாளர்களின் விடுதி ஒன்றில் உணவு நஞ்சாகிப் பலர் மருத்துவமனைக்குப் போனார்கள். பெண்கள் நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். குதிரும் கிணறும் இல்லாதவர்களுக்குக் கைக்கு எட்டியது சாலை ஒன்றுதான்.

நிலம் பார்க்க வருகிறவன் அக்கம்பக்கம் எப்படி என்று விசாரிக்கிறான். அவர்களுக்குத் தான் எப்படிப்பட்ட அக்கம்பக்கம் என்று விசாரிப்பதில்லை.

பஞ்சத்தில் வாடிய காஞ்சிக்கு மணிமேகலை அமுதசுரபியோடு போனாள். அற்புதம் அளவை ரத்து செய்துவிடுகிறது; அளவில்லாத இடத்தில் அறம் சுலபம். நம் குதிருக்கு அடி தெரியும். யார் வருவார் என்று தெரியாமலே உலை வைக்கிற சத்திரத்தின் குதிருக்கும் அடி தெரிந்துதான் இருந்திருக்கும். நால்வருக்கு ஆறு மாதம் வரும் நெல், இருபத்துநால்வருக்கு ஒரு மாதம் வரும். பிறகு எல்லோருக்கும் பசி. இந்த வகுத்தலைச் செய்து பார்த்த பிறகும் கதவைத் திறக்க முடிகிறவனுக்கு எந்த ஊரும் தகும். முடியாதவனுக்கு, எத்தனை ஏரி இருந்தாலும், சுங்குவார்சத்திரம் தகாது.