வாக்கும் வினையும்: அரச கொள்கையின் அறம் பற்றி ஒரு நோக்கு

அரச கொள்கை எங்கே உருப்பெறுகின்றது? பொது நிருவாகவியல் நூல்கள் இதற்குப் படிமுறையான விடையொன்றைத் தருவன. பிரச்சினை இனங்காணப்படுகின்றது, தீர்வுக்கான வழிகள் ஆராயப்படுகின்றன, அமைச்சரவையும் பாராளுமன்றமும் அவற்றுள் ஒன்றைத் தேர்ந்து சட்டமாக்குகின்றன, திணைக்களங்கள் அதனை நிறைவேற்றுகின்றன, ஈற்றில் விளைவு மதிப்பிடப்படுகின்றது. இப்பகுப்பு விளக்கத்துக்கு வசதியானதே. எனினும், முடிவு செய்தலோடு அறம் நிறைவுற்றது, எஞ்சியவை அலுவலகக் கருமங்களே என்றதொரு மயக்கத்தையும் இது உண்டாக்கிவிடுகின்றது. திருக்குறளின் அதிகார வைப்பு இம்மயக்கத்துக்கு இடந்தரவில்லை. அரசியலுள் தெரிந்து செயல்வகை இடம்பெற, அமைச்சியலுள் வினைத்தூய்மை, வினைத்திட்பம், வினைசெயல்வகை என மூன்று அதிகாரங்கள் அடுத்தடுத்து அமைந்துள்ளன. ஆராய்ந்து முடிவுசெய்தல் போலவே, முடிவுசெய்ததை ஆற்றி முடித்தலும் அறத்தின்பாற்பட்டதாகவே கொள்ளப்பட்டது.

அவ்வாறாயின், ஓர் அரசு சட்டத்தால் அளித்த வாக்கைச் செயலால் நிறைவேற்றாது விடுமிடத்து அது நிருவாகக் குறைபாடு மட்டுந்தானா, அன்றி அறப்பிழையா? இலங்கையின் மொழிச் சட்டங்கள் இவ்வினாவை ஆராய்வதற்குத் தக்க சான்றுகளாகும்.

1956ஆம் ஆண்டின் 33ஆம் இலக்க அரசகரும மொழிச் சட்டம் சிங்களத்தை மட்டுமே அரசகரும மொழியாக்கியது. அச்சட்டத்தின் நீதி அநீதி வேறாக ஆராயப்படவேண்டியது. அது நிறைவேற்றப்பட்ட விதமே ஈண்டு நோக்கற்பாலது. உடனடியாக மாற்றவியலாத கருமங்களுக்கு 1960 டிசெம்பர் 31ஆந் திகதி எல்லையாக விதிக்கப்பட்டது. சட்டம் நிறைவேறிய ஆண்டிலேயே அதற்கெனத் திணைக்களமொன்று நிறுவப்பட்டது. 1961இல் வெளிவந்த திறைசேரிச் சுற்றுநிருபமொன்றின்படி, சிங்களத் தேர்ச்சி பெறாத உத்தியோகத்தரின் சம்பள ஏற்றம் நிறுத்தப்பட்டது. இதனை எதிர்த்துக் கோடீஸ்வரன் என்னும் அரச ஊழியர் தொடுத்த வழக்கு 1969இல் இலண்டன் கோமறைக் கழகம் வரை சென்றது. பாராளுமன்றத்தில் எழுந்த கொள்கை, ஒரு சுற்றுநிருபத்தின் வாயிலாக ஒரு மனிதரின் மாதச் சம்பளத்தைத் தொட்டது. நிறைவேற்றல் என்பது இதுவே.

இதனோடு 1958ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கத் தமிழ்மொழி (விசேட ஏற்பாடுகள்) சட்டத்தை ஒப்பிடுக. கல்வி, அரச சேவைப் பரீட்சைகள், கடிதப் போக்குவரத்து, வடக்குக் கிழக்கு மாகாண நிருவாகம் ஆகியவற்றில் தமிழின் உபயோகத்துக்கு அது வழிசெய்தது. ஆயின் நடைமுறைக்கு ஒழுங்குவிதிகள் வேண்டும்; அவற்றுக்குக் காலவெல்லை இல்லை. 1966 ஜனவரியிலேதான் அவை பாராளுமன்றத்தில் அங்கீகாரம் பெற்றன. அதன் பின்னரும் அவை முழுமையாக நடைமுறைக்கு வரவில்லை. முன்னைய சட்டத்துக்கு நாள் குறித்த அதே அரசியல் முறை, பின்னைய சட்டத்துக்கு ஏழாண்டுகளுக்கு மேலாக விதிகளைத்தானும் வழங்கவில்லை.

1987இல் பதின்மூன்றாந் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. 1988இல் பதினாறாந் திருத்தம் ஒருபடி மேற்சென்று, இம்மொழிகளின் உபயோகத்துக்குப் போதிய வசதிகளை வழங்குதல் அரசின் கடமை என அரசியலமைப்பிலேயே பொறித்தது. முறைப்பாடுகளை விசாரிக்க 1991இல் அரசகரும மொழிகள் ஆணைக்குழு சட்டம் வந்தது. ஆயினும், புதிதாகச் சேரும் அரச உத்தியோகத்தர் மற்றை அரசகரும மொழியிலும் தேர்ச்சி பெறவேண்டும் என்னும் சுற்றுநிருபம் 2007இலேதான் பிறந்தது. 2011இல்கூட, கற்றுக்கொண்ட பாடங்களும் நல்லிணக்கமும் பற்றிய ஆணைக்குழு, பொலிஸ் நிலையங்களில் எந்நேரமும் இருமொழி உத்தியோகத்தர் இருத்தல் வேண்டும் என விதந்துரைக்க நேர்ந்தது.

இந்நிலைக்குச் சொல்லப்படும் நியாயம் வளமின்மை: மொழிபெயர்ப்பாளர் இல்லை, பயிற்றுவோர் இல்லை, பணம் இல்லை என்பதாகும். இயலாததைச் செய்யும் கடப்பாடு எவருக்கும் இல்லை என்பது ஒழுக்கவியலின் ஒப்புக்கொள்ளப்பட்ட கோட்பாடு. இதனை எளிதில் தள்ளிவிடலாகாது. ஆனால், 1956இலும் சிங்களத்தில் நிருவாகம் நடத்துதற்கு வேண்டிய கலைச்சொற்களும் பயிற்சியும் போதியளவு இருக்கவில்லை. இல்லாதவை உண்டாக்கப்பட்டன. ஆகவே ஓர் அரசின் இயலாமையில் ஒரு பகுதி, அது எதற்கு முன்னுரிமை அளித்தது என்பதன் விளைவேயாகும். தானே தேர்ந்த இயலாமையைக் காட்டி ஒருவர் கடமையினின்று விடுபட முடியாது.

பொறுப்பு எவருடையது என்பது அடுத்த வினா. தமிழ்ப் படிவம் அனுப்பப்படாத அலுவலகத்தில் இருக்கும் எழுதுவினைஞரைப் படிவம் இல்லாமைக்காகக் குறைகூறல் தகாது. ஆயின் விளங்காத மொழியில் கையொப்பமிடுமாறு ஒருவரை வற்புறுத்துவாராயின், அவ்வளவில் அவரும் பொறுப்பாளியே. பொறுப்பு பலரிடையே பகிரப்படுவதால் அது குறைவதில்லை. அவரவர் கைக்கெட்டிய அளவுக்கு அவரவரைச் சாரும்.

நிறைவேற்றப்படாத சட்டத்தைவிடச் சட்டமே இல்லாமை மேல் என்பாரும் உளர். மறுக்கப்பட்ட உரிமை கோரிக்கையாக உயிர்வாழும், ஏட்டில் வழங்கப்பட்ட உரிமையோ கோருவோரின் வாயை அடைத்துவிடும் என்பது அவர் வாதம். இதில் உண்மை உண்டு. முழு உண்மை இல்லை. எழுத்திலுள்ள வாக்கு வழக்காடுதற்கும் முறையிடுதற்கும் ஒரு பிடியாகின்றது. அப்பிடி நழுவாது இருப்பது, அதனைப் பற்றுவோர் உளராதலைப் பொறுத்தது.

எனவே ஒரு கொள்கையை மதிப்பிடுவோர் அதன் முகவுரையை மட்டும் வாசித்தல் போதாது. இதனைச் செய்வோர் யார், எதனைக் கொண்டு செய்வர், எந்நாளுக்குள் செய்வர் என்னும் மூன்று வினாக்களையும் எழுப்புதல் வேண்டும். இவற்றுக்கு விடையில்லாத சட்டத்தை ஆக்குவோர், நிறைவேற்றும் எண்ணமின்றி வாக்களிப்போரை ஒப்பர். இப்பல்கலைக்கழகத்தினின்று வெளியேறுவோருட் பலர் நாளை அரச உத்தியோகத்தராவர். சுற்றுநிருபம் எழுதும் பேனாவும், மக்கள் வந்து நிற்கும் மேசையும் அவர்களிடமே இருக்கும். அங்கு அவர்கள் செய்வனவும் செய்யாது விடுவனவுமே நாட்டின் கொள்கையாக மக்களைச் சென்றடையும்.