குளிருக்கு ஓர் அளவுகோல்

வேதாரண்யத்துக் கடற்கரையில் மார்கழி விடியற்காலையிலும் பாதரசம் 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். டில்லிக்காரர் கேட்டால் சிரிப்பார். பக்கத்திலிருக்கும் கோடியக்கரைக்கு மத்திய ஆசியாவிலிருந்தெல்லாம் உள்ளான்கள் பறந்து வருவதே இந்தக் கதகதப்பை நாடித்தான். அந்தக் கதகதப்பில்தான் மனிதர்கள் நடுங்குகிறார்கள்.

இதை நான் 2018-ல் பார்த்தேன். நவம்பர் 16-ஆம் தேதி அதிகாலை கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையேறியது. தென்னைகள் சாய்ந்தன, கூரைகள் பறந்தன. சரியாக ஒரு மாதத்தில் மார்கழி பிறந்துவிட்டது. அந்தப் பருவத்தில் மேகம் விலகிவிடும். பகலில் வாங்கிய சூட்டைத் தரை இரவோடு இரவாக வானத்துக்கே திருப்பிக் கொடுத்துவிடும். பின்னிரவில் காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும். சுவரும் கூரையும் உள்ளவனுக்கு அது சுகமான காற்று. தார்ப்பாய்க்கு அடியில், ஈரத் தரையில் படுத்திருப்பவனுக்கு அது வேறு. உஷ்ணமானி இரண்டு பேருக்கும் ஒரே எண்ணைத்தான் காட்டும்.

நானும் ஒரு நண்பரும் வேனில் போர்வைகள் கொண்டு போயிருந்தோம். வீட்டுக்கு ஒன்று என்று கணக்கு. விடியும் நேரம், பனி இறங்கிக்கொண்டிருந்தது. நான் மப்ளர் சுற்றியிருந்தேன் என்பதையும் சொல்லிவிடுவதுதான் நியாயம். ஒரு கிழவி தனக்கொன்று, பேரப்பிள்ளைகளுக்கொன்று என்று இரண்டு கேட்டாள்.

“எல்லையிலே பனிக்கட்டி மேலே சிப்பாய்ங்க ராத்திரி பூரா நிக்கிறாங்களே, அவங்களை நினைச்சுப் பாருங்கம்மா. இதெல்லாம் ஒரு குளிரா?” என்றேன்.

அவள் கோபப்படவில்லை. சந்தேகம் கேட்கிற மாதிரிதான் கேட்டாள்: “அவங்களுக்குச் சட்டை குடுத்திருப்பாங்கல்ல தம்பி?”

நம்மைவிடக் கஷ்டப்படுகிறவனை நினைத்துக்கொள் என்பது நம் பாட்டிமார் சொல்லி வளர்த்த பாடம். பொய்யான பாடம் என்று நான் சொல்லமாட்டேன். ஜுரத்தில் கிடக்கும்போது அந்த நினைப்பே எனக்குத் தெம்பு கொடுத்திருக்கிறது. ஆனால் அது நடுங்குகிறவன் தனக்குத் தானே சொல்லிக்கொள்ளவேண்டிய வார்த்தை. கையில் போர்வை வைத்திருப்பவன் அதைச் சொன்னால் பேரம் பேசுகிற வியாபாரியின் குரல் வந்துவிடுகிறது. எவனோ ஒருவனுடைய பெரிய துன்பத்தைக் காட்டி எதிரே நிற்பவளின் துன்பத்துக்கு விலை குறைக்கிறான். அந்தச் சிப்பாயிடம் அனுமதி கேட்டானா என்றால், அதுவும் இல்லை.

இரண்டாவது போர்வையைக் கொடுத்திருக்க வேண்டும் என்றும் எனக்குத் தோன்றவில்லை. கொடுத்திருந்தால் வரிசையின் கடைசியில் நின்ற ஒரு வீடு வெறுங்கையோடு போயிருக்கும். கணக்கு சரிதான். ‘இல்லை அம்மா, அவ்வளவுதான் இருக்கிறது’ என்று சொல்லியிருந்தால் போதும். அந்த ‘இல்லை’யைச் சொல்ல எனக்கு நா எழவில்லை. தர்மம் செய்ய வந்த இடத்தில் இல்லை என்று சொல்வது கௌரவக் குறைவாகப் பட்டது. ஆகவே அவள் கேட்டதே தப்பு என்று ஆக்கிவிட்டேன். நம் உபதேசங்களில் எத்தனை இப்படிப் பிறந்தவையோ!

நான் பதில் சொல்லவில்லை. அவளும் காத்திருக்கவில்லை. போர்வையை அங்கேயே பிரித்து, பேரனைக் கூப்பிட்டு ஒரு முனையைப் பிடிக்கச் சொல்லி, நீளவாக்கிலா அகலவாக்கிலா, எப்படிப் போட்டால் மூன்று பேருக்கு எட்டும் என்று அளந்து பார்க்க ஆரம்பித்தாள். பின்னாலிருந்து நண்பர் அடுத்த வீட்டுக்காரரைக் கூப்பிட்டார்.