அழாத பேத்தி

துக்க வீட்டில் பெரியவர்கள் குழந்தைகளைக் கண்காணித்துக்கொண்டே இருப்பார்கள். அழுதால், "பிஞ்சு மனசு, அங்கிட்டுக் கூட்டிட்டுப் போ." அழாமல் விளையாடினால், "எடுத்து வளத்த கெழவி போயிருச்சு, ஒரு சொட்டுக் கண்ணீர் இருக்கா பாரு." இரண்டாவதை வெறும் வம்பு என்று விட முடியவில்லை. அது தீர்ப்பு. அன்பு இருந்திருந்தால் அன்றைக்கே கண்ணில் தெரிந்திருக்க வேண்டுமாம்.

நம் சடங்குக்கு அந்த அவசரம் கிடையாது என்பதுதான் வேடிக்கை. மகள் மாரடித்து அழலாம், மகன் கொள்ளி வைக்கலாம். பேரன் பேத்திகளிடம் அது கேட்பது நெய்ப்பந்தம். குச்சியில் சுற்றிய துணி, நெய், தீ. பிடித்துக்கொண்டு நின்றால் போதும். 'பெயரன்' என்பதுதான் 'பேரன்' ஆனது. பாட்டன் பெயரைச் சுமப்பவன். பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுத்துவிட்டு, அழுகையை அவர்கள் பாட்டுக்கு விட்டுவிட்டார்கள்.

2020 ஊரடங்கில் அந்த வேலையும் இல்லாமல் போனது. அம்மா போடியில் இறந்தபோது அக்கா குடும்பம் மேட்டுக்கு அந்தப் பக்கம், பூப்பாறையில், ஏலத்தோட்ட வேலையில் இருந்தது. எல்லை தாண்டப் பாஸ் வேண்டும். இறப்புக்கு 20 பேருக்கு மேல் கூடக் கூடாது. அக்கா மட்டும் வந்தாள். அவளுடைய எட்டு வயது மகள் வீடியோ காலில் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பாதியில் எழுந்து விளையாடப் போய்விட்டாள். "கல்நெஞ்சுக்காரி" என்றார் பெரியம்மா. (நானெல்லாம் அன்றைக்கு நன்றாக அழுது நல்ல பேர் வாங்கினேன்.)

மறுவருஷம்தான் அவள் ஜீப்பில் இறங்கி வந்தாள். நானும் கூட இருந்தேன். போடிமெட்டிலிருந்து கீழே 17 கொண்டை ஊசி வளைவுகள். பிள்ளைக்கு வாந்தி வரும் என்று அம்மா அவள் தலையை மடியில் சாய்த்துக்கொண்டு, வளைவுகளை மாற்றி மாற்றி எண்ணச் சொல்லும். அன்றைக்குத் தனியாக எண்ணிக்கொண்டு வந்தவள் ஒன்பதில் நின்றாள்.

"அடுத்து அம்மாச்சிதான சொல்லணும்?"

அப்புறம் அழுகை. முந்தல் வந்தும் நிற்கவில்லை.

மார்செல் ப்ரூஸ்டின் நாவலில் பாட்டி செத்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கும். கடற்கரை ஓட்டலில் கதைசொல்லி பூட்ஸைக் கழற்றக் குனிகிறான். முன்பு அதே ஓட்டலில் பாட்டிதான் கழற்றிவிட்டாள். அந்த நொடியில்தான் அவள் இல்லை என்பது அவனுக்கு உறைக்கிறது. வளர்ந்த ஆளுக்கே அவ்வளவு நாள் ஆகிறது. சாவை நமக்கு யாரோ வந்து சொல்லிவிடுகிறார்கள். இல்லாமல் போனதை அப்படிச் சொல்ல முடியாது. அந்த ஆள் செய்த காரியம் ஒன்று பாதியில் நிற்க வேண்டும்.

பெரியம்மா அந்த ஜீப்பில் இல்லை. இருந்திருந்தாலும், பிள்ளைக்கு வாந்தி வருகிறது என்றுதான் நினைத்திருப்பார்.