கொடை வினா

சாட்சி பொய் சொல்லவில்லை. ஆனால் அவர் சொன்னது நடக்கவுமில்லை. இரண்டும் ஒரே சமயத்தில் உண்மையாக இருக்கும்போது தவறு யாரைச் சேரும்? பொய்க்குத் தண்டனை உண்டு, ஞாபகப் பிசகுக்கு மன்னிப்பு உண்டு. இரண்டிலும் அடங்காத மூன்றாவது ஒன்றும் இருக்கிறது. அதைச் சொல்ல வேண்டும் என்ற உத்தேசம் இல்லாமலேயே சொல்லிவிட்ட ஒரு கட்டுரையைப் பற்றி இங்கு எழுதுகிறேன்.

எலிசபெத் லாஃப்டஸும் ஜான் பாமரும் 1974-ல் ஒரு அமெரிக்க உளவியல் ஏட்டில் வெளியிட்ட ஐந்து பக்கக் கட்டுரை அது. நீதிமன்ற உளவியல் பற்றிய பேச்சு இன்றும் அதைத் தொட்டுக்கொண்டுதான் போகிறது. சாட்சியின் ஞாபகத்தைச் சோதனைச்சாலைக்குக் கொண்டுபோகும் எண்ணம் அவர்களுடையதல்ல. ஹ்யூகோ மன்ஸ்டர்பெர்க் 1908-லேயே இதைப் பற்றிப் புத்தகம் போட்டு, அடுத்த வருஷமே விக்மோர் என்ற சட்ட அறிஞரின் கேலிக்கு ஆளானார். மன்ஸ்டர்பெர்க் மனத்தைப் பற்றி நிறையப் பேசினார். இவர்கள் ஒரு வினைச்சொல்லை மாற்றிப் பார்த்தார்கள், அவ்வளவுதான்.

முதல் சோதனையில் 45 மாணவர்கள், கார் விபத்தைக் காட்டும் ஏழு சிறிய படங்கள். ஒவ்வொன்றையும் பார்த்தபின் ஒரு கேள்வி: கார்கள் மோதிக்கொண்டபோது என்ன வேகத்தில் போய்க்கொண்டிருந்தன? 'மோதிக்கொண்ட' என்ற இடத்தில் மட்டும் ஐந்து வெவ்வேறு வினைச்சொற்கள், ஒன்பது பேருக்கு ஒன்று வீதம். தமிழில் ஏறத்தாழ இப்படி வைத்துக்கொள்ளலாம்: நொறுங்க மோதிக்கொண்டபோது, மோதிக்கொண்டபோது, முட்டிக்கொண்டபோது, இடித்துக்கொண்டபோது, தொட்டுக்கொண்டபோது. சராசரி பதில்கள் இதே வரிசையில் மணிக்கு 40.8, 39.3, 38.1, 34.0, 31.8 மைல்.

எனக்கு இவற்றைவிட முக்கியமாகப் படுகிற எண்கள் அதே கட்டுரையில் இருக்கின்றன. ஏழு படங்களில் நான்கு, பயிற்சிக்காக வேண்டுமென்றே நடத்திப் படமெடுத்த விபத்துகள். ஆகவே அவற்றின் உண்மையான வேகம் தெரியும். 20 மைல் வேகத்தில் நடந்த மோதலுக்கு மாணவர்கள் சொன்ன சராசரி 37.7. 40 மைலில் நடந்த ஒன்றுக்குச் சொன்னது 36.1. கண்ணெதிரே வேகம் இரு மடங்கானபோது பதில் உயரவில்லை. கேள்வியில் ஒரு சொல் மாறியபோது ஒன்பது மைல் உயர்ந்தது.

இரண்டாவது சோதனையில் 150 பேர். ஒரு நிமிஷத்துக்கும் குறைவான படம், அதில் விபத்து நான்கு விநாடி. ஐம்பது பேரிடம் 'நொறுங்க மோதிக்கொண்டபோது' என்றும், ஐம்பது பேரிடம் 'இடித்துக்கொண்டபோது' என்றும் வேகம் கேட்கப்பட்டது. மீதி ஐம்பது பேரிடம் வேகத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. ஒரு வாரம் கழித்து, படத்தை மறுபடி காட்டாமல், எல்லோரிடமும் ஒரு கேள்வி: உடைந்த கண்ணாடி ஏதாவது பார்த்தீர்களா? படத்தில் உடைந்த கண்ணாடி கிடையாது. 'நொறுங்க' என்று கேட்கப்பட்டவர்களில் 16 பேர் பார்த்ததாகச் சொன்னார்கள். 'இடித்து' என்று கேட்கப்பட்டவர்களில் 7 பேர். ஒன்றும் கேட்கப்படாதவர்களில் 6 பேர்.

அந்த ஆறு பேரை நான் மறக்க விரும்பவில்லை. கேள்வி கெடுக்காத ஞாபகமும் பழுதற்றது அல்ல என்பதற்கு அவர்களே அத்தாட்சி. 'நொறுங்க' என்ற சொல்லுக்கு மசியாமல் 'இல்லை' என்று சொன்ன 34 பேரையும் மறக்கக் கூடாது. சாட்சி வெறும் களிமண் அல்ல. ஆனால் ஏழுக்கும் பதினாறுக்கும் இடையில் இருக்கிற ஒன்பது பேர்? அவர்கள் பார்த்த கண்ணாடி யாருடையது?

வினாவை ஆறு வகையாகப் பிரிக்கிறது நன்னூல். அதில் ஒன்று கொடை வினா. ஆடை இல்லையா என்று கேட்பது தெரிந்துகொள்வதற்காக அல்ல, ஆடை கொடுப்பதற்காக. பவணந்தி மனத்தில் இருந்தது ஈகை. ஆனால் இலக்கணம் இங்கே ஒன்றைக் கண்டுகொண்டிருக்கிறது: கேள்வி என்பது எப்போதும் வாங்குகிற கை அல்ல. 'நொறுங்க மோதிக்கொண்டபோது' என்று கேட்டவர் அந்த ஒன்பது பேருக்குக் கண்ணாடித் துண்டுகளைக் கொடுத்தார். கொடுத்தது அவருக்குத் தெரியாது, வாங்கியது இவர்களுக்கும் தெரியாது. லாஃப்டஸ் 1975-ல் ஸன்னி என்பவரோடு சேர்ந்து செய்த சோதனை இன்னும் நுட்பமானது. அதில் வினைச்சொல்கூட மாறவில்லை. பெயருக்கு முன்னால் நிற்கும் ஆங்கிலச் சுட்டு மட்டும் மாறியது, இல்லாத உடைந்த விளக்கைப் பார்த்தவர்கள் கூடினார்கள். தமிழில் அந்த வேலையை இரண்டாம் வேற்றுமை உருபே செய்துவிடும். 'உடைந்த விளக்கு ஏதாவது பார்த்தீர்களா' என்பது ஒரு கேள்வி. 'உடைந்த விளக்கைப் பார்த்தீர்களா' என்பதில் விளக்கு ஏற்கெனவே உடைந்துவிட்டது.

கட்டுரையின் மேல் எழுந்த ஆட்சேபங்கள் சாதாரணமானவை அல்ல. மக்ளாஸ்கியும் ஸரகோஸாவும் 1985-ல், மாறியது ஞாபகம்தானா அல்லது பதில் மட்டும்தானா என்று கேட்டார்கள். பழைய ஞாபகம் அழியாமலே ஒருவன் தவறாகப் பதில் சொல்லக்கூடும். யூயிலியும் கட்ஷாலும் 1986-ல், கனடாவில் நிஜமாக நடந்த ஒரு துப்பாக்கிச் சூட்டைப் பார்த்த 13 பேரைச் சில மாதங்கள் கழித்து விசாரித்தார்கள். வேண்டுமென்றே வழிதவறச் செய்யும் கேள்விகளைப் போட்டும் அவர்கள் பெரும்பாலும் அசையவில்லை. திரையில் நான்கு விநாடி பார்த்த மாணவனும், தெருவில் ரத்தத்தைப் பார்த்த மனிதனும் ஒரே சாட்சி அல்ல. இதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் என் ஆட்சேபம் வேறு. அது கட்டுரையைவிட அது வாசிக்கப்பட்ட விதத்தின் மேல்.

'சாட்சியை நம்பாதே' என்பதே இதிலிருந்து எடுத்துக்கொள்ளப்பட்ட பாடம். சோதனையின் அமைப்பைப் பார்த்தால் இது விசித்திரமான பாடம். படங்கள் மாறவில்லை. பார்த்தவர்கள் எல்லோரும் ஒரே வகை மாணவர்கள். மாற்றப்பட்டது கேள்வி ஒன்றுதான். எது மாறியபோது விளைவு மாறியதோ அதுவே காரணம் என்பது சோதனை முறையின் அரிச்சுவடி. அப்படியானால் இங்கே குற்றம் நிரூபிக்கப்பட்டது யார் மேல்? கேட்டவர் மேல். கூண்டில் நிற்கவேண்டியவரைக் கீழே உட்காரவைத்துவிட்டு, ஏற்கெனவே கூண்டில் நிற்பவரிடம் இன்னொரு முறை சந்தேகப்பட்டிருக்கிறார்கள்.

இது வெறும் வாசிப்புத் தகராறு அல்ல. 1976-ல் டெட் பண்டி மேல் யூட்டாவில் நடந்த ஆள்கடத்தல் வழக்கில், எதிரியின் தரப்பில் லாஃப்டஸ் சாட்சியம் சொன்னார். அடையாளம் காட்டிய பெண்ணின் ஞாபகம் சந்தேகத்துக்குரியதாக்கப்பட்டது. அந்தப் பெண் காட்டிய அடையாளம் சரியானது, பண்டி தண்டிக்கப்பட்டான். பத்து வருஷம் கழித்து நேர் எதிரான ஒன்று நடந்தது. ஜான் டெம்யான்யுக் என்பவர் 1986-ல் இஸ்ரேலுக்குக் கொண்டுவரப்பட்டார். ட்ரெப்லிங்கா கொலைமுகாமில் 'இவான்' என்று அறியப்பட்ட கொடியவன் அவர்தான் என்று, அங்கிருந்து உயிர் தப்பியவர்கள் அடையாளம் காட்டினார்கள். அவருக்காகச் சாட்சியம் சொல்ல லாஃப்டஸ் அழைக்கப்பட்டு, மறுத்துவிட்டார். தான் ஒரு யூதப் பெண் என்பதும், தப்பிப் பிழைத்தவர்களின் ஞாபகத்துக்கு எதிராகப் பேச முடியவில்லை என்பதும் அதில் இருந்தன என்பதை அவரே பின்னால் எழுதியிருக்கிறார். 1988-ல் மரண தண்டனை. 1993-ல், வேறொருவரைச் சுட்டிய சோவியத் ஆவணங்கள் கிடைத்தபின், இஸ்ரேலின் உச்ச நீதிமன்றம் அவரை விடுவித்தது. சோபிபோர் முகாமில் காவலராக இருந்ததற்காக 2011-ல் ஜெர்மனியில் தண்டிக்கப்பட்டார். மேல்முறையீடு முடியாமலே 2012-ல் இறந்தார்.

லாஃப்டஸின் மறுப்பைக் கோழைத்தனம் என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அவர் சிக்கிக்கொண்டது அவருடைய கண்டுபிடிப்புக்குக் கொடுக்கப்பட்ட தவறான வடிவத்தில். 'சாட்சியின் ஞாபகம் நம்பத்தகாதது' என்பதே சொல்ல வேண்டிய விஷயம் என்றால், அதை முகாமிலிருந்து தப்பி வந்த ஒரு கிழவரின் முகத்துக்கு எதிரே சொல்லத்தான் வேண்டும். 'கேள்வி எப்படிக் கேட்கப்பட்டது' என்பதே விஷயம் என்றால் அவர் முகத்தைப் பார்க்கவே வேண்டியதில்லை. விசாரித்த அதிகாரியைப் பார்த்தால் போதும். அந்த வழக்கில் சாட்சியம் சொன்ன டச்சு உளவியலாளர் வில்லெம் வாகனார் ஏறத்தாழ இதைத்தான் செய்தார். 1988-ல் வெளிவந்த அவருடைய புத்தகம், புகைப்படங்கள் எப்படி வைக்கப்பட்டன, எப்படிக் காட்டப்பட்டன என்பதைப் பற்றியது. உயிர் தப்பியவர்களின் துயரத்தில் ஒரு துளியைக்கூடச் சந்தேகிக்காமல் அந்த வாதத்தைச் சொல்ல முடியும்.

வழிகாட்டும் கேள்விகளைச் சட்டம் அறியாததல்ல. தன் தரப்புச் சாட்சியிடம் கேட்கக் கூடாது, எதிர்த்தரப்புச் சாட்சியிடம் குறுக்கு விசாரணையில் கேட்கலாம் என்பது 1872-ன் இந்தியச் சாட்சியச் சட்டத்தில் இருந்தது. 2024 ஜூலையில் அதற்குப் பதிலாக நடைமுறைக்கு வந்த சட்டத்திலும் இருக்கிறது. ஆனால் சட்டம் காவல் காப்பது கடைசிக் கேள்வியை. கண்ணாடித் துண்டுகளைக் கொடுத்தது ஒரு வாரத்துக்கு முந்தைய கேள்வி. அது கேட்கப்பட்ட இடம் போலீஸ் ஸ்டேஷனாக இருக்கலாம், ஆஸ்பத்திரி வராந்தாவாக இருக்கலாம். எழுதப்படும் வாக்குமூலத்தில் பதில்கள் மட்டும் கோவையாக, கதையாக வருகின்றன; கேள்வி அனேகமாகக் காணாமல் போய்விடுகிறது. சாட்சி தானாகவே பேசினார் என்ற தோற்றம் அந்தக் காணாமல்போதலில்தான் உண்டாகிறது. கேள்வியையும் பதிலோடு சேர்த்துப் பதிவு செய்ய வேண்டும் என்பது சிறிய கோரிக்கைதான். ஆனால் அதை ஏற்றுக்கொண்டால் பொறுப்பு இருவருக்கும் பங்காகும். பங்காவதை விரும்பாதவர் சாட்சி அல்ல என்பது என் அபிப்பிராயம்.

வினைச்சொல்லைத் தேர்ந்தெடுப்பதே வேலையாக இருக்கிற நமக்கு இதில் ஒதுங்கி நிற்க இடமில்லை. நம் செய்தித்தாள்களில் போலீஸ் சுட்டு ஒருவர் இறந்தால் அது 'மோதல்' என்று வருவது வழக்கம். லாஃப்டஸின் பட்டியலில் இரண்டாவதாக நின்ற அதே சொல். மோதல் என்றால் இரண்டு பக்கமும் வேகம் இருந்தது என்று அர்த்தம். அந்தச் செய்தியைப் படித்த ஐம்பது பேரை ஒரு வாரம் கழித்து அழைத்து, இறந்தவர் கையில் துப்பாக்கி இருந்ததா என்று கேட்டால், ஆமாம் என்கிறவர்கள் எத்தனை பேர்? செய்தி எழுதியவர் அவர்களுக்குக் கொடுத்தது என்ன?