கேட்கும் முன்பே சொன்ன ‘சரி’

லினக்ஸ் கட்டளைவரியில் ஒரு மென்பொருளை நிறுவச் சொன்னால் அது பெரும்பாலும் ஒரு கேள்வி கேட்கும். இவ்வளவு இடம் பிடிக்கும், இன்னின்னவை நீக்கப்படும், தொடரலாமா? நாம் ‘ஒய்’ தட்ட வேண்டும். தானியங்கி டெப்ளாய்மெண்ட்டில் பதில் சொல்ல அங்கே ஆள் கிடையாது. அதனால் ஸ்கிரிப்ட் எழுதும்போதே கட்டளையோடு ‘மைனஸ் ஒய்’ சேர்த்துவிடுகிறோம். எது கேட்டாலும் சரின்னு சொல்லிடு என்று அர்த்தம்.

என்ன கேள்வி வரும் என்றே தெரியாமல் சொன்ன சரியை ஒப்புதல் என்று சொல்ல முடியுமா? வெற்றுத்தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது போலத்தானே அது?

அப்படியென்றால் ஆளே உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் செய்யட்டும் என்று தோன்றும். அதுவும் காப்பாற்றுவதில்லை. 2012 ஆகஸ்ட் 1 அன்று நைட் கேபிடல் என்ற அமெரிக்கப் பங்கு வர்த்தக நிறுவனம் சுமார் 45 நிமிடங்களில் 44 கோடி டாலருக்கு மேல் இழந்தது. புதிய நிரலை எட்டு சர்வர்களில் ஏற்ற வேண்டும். ஒரு சர்வர் விட்டுப்போனது. இன்னொருவர் சரிபார்க்க வேண்டும் என்ற விதி அங்கே இல்லை. விடுபட்ட சர்வரில், 2003-லேயே பயன்பாட்டை நிறுத்திய ‘பவர் பெக்’ என்ற பழைய நிரல் அழிக்கப்படாமல் கிடந்தது. அதன் ஃபிளாக்கையே புதிய வசதிக்கும் எடுத்துக்கொண்டதால் அது உயிர்பெற்று ஆர்டர்களை அனுப்பிக்கொண்டே இருந்தது.

இதில் என்னை உறுத்துவது வேறு ஒன்று. சந்தை திறக்கும் முன்பே அவர்களுடைய கணினிகள் ‘பவர் பெக்’ பெயரைக் குறிப்பிட்டு 97 மின்னஞ்சல்களை ஊழியர்களுக்கு அனுப்பியிருந்தன. அவை எச்சரிக்கைகளாக வடிவமைக்கப்பட்டவை அல்ல, வழக்கமாக யாரும் அவற்றைப் படிப்பதும் இல்லை. இயந்திரம் சொல்லத்தான் செய்தது. கேட்பது யாருடைய வேலையாகவும் இருக்கவில்லை.

நம் ஸ்கிரிப்ட்களிலும் இதே கதைதான். நடுவில் ஒரு கட்டளை தோற்றாலும் பாஷ் அடுத்த வரிக்குப் போய்விடும். கடைசிக் கட்டளை ஜெயித்தால் மொத்த ஸ்கிரிப்ட்டும் பூஜ்யம் என்று திருப்பித் தரும். பூஜ்யம் என்றால் எல்லாம் நலம். ‘முடிந்தது’ என்று அச்சிடும் ஒரு எக்கோ கடைசி வரியில் இருந்தால் போதும், அதற்கு மேலே எது எரிந்தாலும் பச்சை விளக்குதான். ‘செட் மைனஸ் ஈ’ என்று தொடக்கத்திலேயே எழுதினால், சில விதிவிலக்குகள் தவிர, தோற்ற இடத்திலேயே ஸ்கிரிப்ட் நின்றுவிடும். ஒரே ஒரு வரிதான். அதை எழுதுவதும் விடுவதும் ஒழுக்கம் சார்ந்த தேர்வு என்றே நான் நினைக்கிறேன். ஏனென்றால் அந்த ஸ்கிரிப்ட்டை நம்பப்போகிறவர் நம்மை அறியாதவர்.

தானியங்கி முறை பொறுப்பைக் குறைப்பதில்லை. ஓடும் நேரத்திலிருந்து எழுதும் நேரத்துக்கு அதை நகர்த்துகிறது. ஆனால் பழி மட்டும் நகர்வதில்லை. ஏதாவது உடைந்தால் கடைசியாக என்டர் தட்டியது யாரு என்றுதான் முதலில் தேடுகிறோம். அன்றைக்கு டூட்டியில் இருந்த ஜூனியர் மாட்டிக்கொள்வார். அவர் தட்டியது ஒரு விசை. முடிவுகளை எடுத்தவர்கள் சில வருடங்களுக்கு முன்பே எடுத்துவிட்டு வேறு டீமுக்கோ வேறு கம்பெனிக்கோ போயிருப்பார்கள்.

முன்கூட்டியே சரி சொல்வதில் தப்பில்லை, சொல்லாமல் இந்த வேலையே நடக்காது. ஆனால் சரி என்று எழுதும் அதே கை, எங்கே நிற்க வேண்டும், நின்றால் யாரை எழுப்ப வேண்டும் என்பதையும் எழுதியாக வேண்டும். அது இல்லாத சரி, நாம் இல்லாத நேரத்தில் இன்னொருவர் தலையில் கட்டிவிட்டுப் போகும் கடன்.